கூட்டை மறைத்திருந்த மூன்று கிளைகள்

இதை யாரிடமும் காட்டாதே. உன் அப்பாவாக வரப்போகிறவர் யாரோ, அவரிடம் காட்டாதே. உன் நண்பர்களிடம் காட்டாதே. முக்கியமாக என்னிடம் காட்டாதே. நீ இதைப் படிக்கும்போது நான் நாற்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவாக இருப்பேன். இதை நான் எழுதவே இல்லை என்று சொல்லிப் பிடுங்கிக் கிழித்துப் போட்டாலும் போட்டுவிடுவேன். இன்றைக்கு எனக்குப் பதினாறு வயது, பதினொன்றாம் வகுப்பு. நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்பதும் தெரியாது. ஆனாலும் உனக்குத்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்ல இப்போது எனக்கு ஆள் இல்லை. தோழியிடம் சொன்னால் நாளைக்கு வகுப்பு முழுக்கத் தெரியும். டைரியில் எழுதினால் அம்மா படித்துவிடுவாள். என் எட்டாம் வகுப்பு டைரியைப் படித்துவிட்டு, படிக்காதவள் மாதிரியே ஒரு வாரம் என்னைச் சுற்றிச் சுற்றி விசாரித்தவள் அவள். இந்தத் தாள்களை இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் அட்டைக்குள் செருகி வைக்கப் போகிறேன். அறைக் கதவைத் தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன். மணி பத்தரை. கூடத்தில் அப்பா இன்னும் டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உனக்கு எழுத இன்னொரு காரணமும் உண்டு. என் அப்பாவும் அம்மாவும் தங்கள் சின்ன வயதுக் கதைகளை நிறையச் சொல்வார்கள். ஒன்றில்கூட அவர்கள் தப்பு செய்ததில்லை. பரீட்சையில் பேப்பரைக் காட்டச் சொன்ன தோழியிடம் அம்மா முடியாது என்று சொன்னாளாம். மதில் ஏறிக் குதித்துப் படத்துக்குப் போன கூட்டத்தில் அப்பா மட்டும் விடுதியிலேயே இருந்து படித்தாராம். இதையெல்லாம் கேட்கும்போது, இந்த வீட்டிலேயே கோணலாகப் பிறந்தவள் நான் ஒருத்திதான் என்று தோன்றும். உனக்கு அப்படித் தோன்றக் கூடாது. நீ ஏதாவது செய்துவிட்டு, 'என் அம்மா இப்படிச் செய்திருக்கவே மாட்டாள்' என்று நினைத்து வாயை மூடிக்கொள்ளாதே. உன் அம்மா செய்திருக்கிறாள். என்ன செய்தாள் என்று சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரைக்குப் போகிற சாலையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பு. அப்பா கல்யாண போட்டோகிராபர். கோடை விடுமுறையில் ஆள் வராத நாட்களில் விளக்குத் தண்டைப் பிடிக்க என்னைக் கூட்டிப்போவார். அவரிடம் ஒரு பழக்கம் உண்டு. படம் எடுப்பதற்கு முன் பெண்ணைப் பார்க்க மாட்டார், பெண்ணைச் சுற்றி இருப்பதைப் பார்ப்பார். பிளாஸ்டிக் நாற்காலி, தொங்குகிற ஒயர், யாரோ வைத்துவிட்டுப் போன டீ டம்ளர், எல்லாவற்றையும் அகற்றிய பிறகுதான் கேமராவைத் தூக்குவார். "ஃப்ரேம்ல இருக்கற குப்பைய எடுத்தாலே பாதிப் படம் முடிஞ்சுதும்மாடி" என்பார். ஒரு முறை சமயபுரம் பக்கம் ஒரு மண்டபத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா மேடை ஓரத்தில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். அப்பா அவரிடம் போய், "பெரியப்பா, இங்க லைட்டு உங்க வழுக்கையில பட்டுப் பொண்ணு மூஞ்சில அடிக்குது. அந்தப் பக்கம் உக்காந்தீங்கன்னா நீங்களும் அம்சமா விழுவீங்க" என்றார். பெரியப்பா அசையவில்லை. அப்பாவும் சமையல்காரர் ஒருவரும் அவரை நாற்காலியோடு தூக்கி நகர்த்தினார்கள். கல்யாண வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். எது இடைஞ்சலாக இருக்கிறதோ அதை நகர்த்திவிடலாம், யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அன்றைக்கு என் மனதில் பதிந்துவிட்டது போலிருக்கிறது. அதற்காக அப்பாவைக் குற்றம் சொல்லவில்லை. அவர் நகர்த்தியதெல்லாம் திரும்ப வைக்கக்கூடியவை.

அப்பா புதுக் கேமரா வாங்கியதும், பழையதையும் மேடைக்குத் தூரத்திலிருந்து எடுக்கிற நீள லென்ஸையும் எனக்குக் கொடுத்தார். நான் கொக்குகளை எடுக்க ஆரம்பித்தேன். கொள்ளிடத்தில் தண்ணீர் வடிந்து குட்டை குட்டையாக நிற்கும்போது சின்ன வெண்கொக்குகள் வரும். கறுப்பு அலகு, கறுப்புக் கால், பாதம் மட்டும் மஞ்சள் சாயத்தில் முக்கி எடுத்த மாதிரி இருக்கும். ஒரு காலைத் தண்ணீருக்குள் நடுக்கி நடுக்கிச் சேற்றைக் கலக்கும். மீன் பயந்து வெளியே வந்ததும் கொத்தும். முதல் ஒரு மாதம் நான் எடுத்த படங்களில் கொக்கே இல்லை. வெயிலில் எடுத்ததால் காகிதத்தைக் கொக்கு வடிவத்தில் வெட்டி ஒட்டியது போல வெறும் வெள்ளை. அப்பா பார்த்துவிட்டு, "உச்சி வெயில்ல வேட்டி எடுத்தா வேட்டி இருக்காது, ஓட்டைதான் இருக்கும். மூட்டம் போடற அன்னிக்குப் போ" என்றார். ஐப்பசியில் வானம் மூடியபோதுதான் புரிந்தது. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் மலைக்கோட்டை தெரியும். அதற்கு வெளிச்சப் பக்கம், நிழல் பக்கம் என்று இல்லாமல் முழுப் பாறையும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அன்றைக்கு நல்ல வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் வெள்ளைக்குள் எத்தனை நிறம் இருக்கிறது தெரியுமா? கழுத்தில் பால், இறக்கையின் அடியில் லேசான நீலம், முதுகில் நூல் நூலாகத் தொங்குகிற சிறகுகளில் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக. பின்னால் இருட்டாக இருந்தால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். நாம்தான் இரண்டு கட்டம் குறைத்து வைக்க வேண்டும். இதையெல்லாம் உனக்குச் சொல்லித்தர வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது. இதற்குப் பிறகு என் கையில் யாராவது கேமராவைக் கொடுத்தால்.

எங்கள் காம்பவுண்டை ஒட்டி ஒரு பெரிய அரசமரம் இருக்கிறது. மழை தொடங்கினால் கொக்குகள் அதில் கூடு கட்டும். மரத்தடியில் மல்லிகாக்கா இஸ்திரி வண்டி போட்டிருக்கிறாள். வண்டிக்கு மேல் நீலத் தார்ப்பாய், அதன் மேல் வருஷம் முழுக்கக் கொக்கு எச்சம். சலவைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தால்கூட மறுபடி துவைக்க வேண்டும். "இதுங்களுக்கு வயிறா, சுண்ணாம்புக் காளவாயா?" என்று அண்ணாந்து கத்துவாள். "நான் வேட்டிக்குக் கஞ்சி போட்டா அது மேல இருந்து வெள்ளையடிக்குது பாப்பா!" மரத்தின் கிளைகளைக் கழித்துவிடச் சொல்லிக் கவுன்சிலரிடம் மனுவும் கொடுத்திருந்தாள். இது எல்லோருக்கும் தெரியும். அதுதான் இப்போது அவளுக்கு வினையாகிவிட்டது.

கார்த்திகை தொடங்கியபோது, மொட்டை மாடிச் சுவருக்கு நேர் எதிரே, என் கண் உயரத்தில் ஒரு கூட்டைக் கண்டுபிடித்தேன். மூன்று குஞ்சுகள், தலைமயிர் குத்திட்டு நிற்க, வாயைத் திறந்தபடியே இருக்கும். ஆனால் முன்னால் இலை. அரச இலை காற்றே இல்லாவிட்டாலும் ஆடும். ஒவ்வொரு முறையும் கேமரா இலையைத்தான் பிடித்தது, கூடு பின்னால் மங்கலாகக் கிடந்தது. மூன்று நாள் மூட்டம், நான்காவது நாள் வெயில் என்று செய்தியில் சொன்னார்கள். இரண்டு நாள் வீணாகிவிட்டது. மூன்றாம் நாள் விடிகாலை முருங்கைக்காய் பறிக்க மாடியில் வைத்திருக்கும், நுனியில் சிறு அரிவாள் கட்டிய துறட்டியை எடுத்தேன். யாரும் இல்லை. மூன்றே மூன்று கிளைகள். துறட்டியை மாட்டி இழுத்ததும் கிளைகள் மதிலுக்கு அந்தப் பக்கம் விழுந்தன. தாய்க்கொக்கு எழுந்து பறந்தது, கால் மணி நேரத்தில் திரும்பி வந்துவிட்டது. ஒன்றும் ஆகவில்லை என்றே நினைத்தேன். முதுகுச் சிறகை விசிறி மாதிரி விரித்துக்கொண்டு அது குனிந்தது. மூன்று குஞ்சுகளும் ஒரே நேரத்தில் அதன் அலகைப் பிடித்து இழுத்தன. அந்தப் படம் கிடைத்தது.

அப்பா ஸ்டூடியோவில் கம்ப்யூட்டர் திரையில் அதைப் பெரிதாக்கி ஒவ்வொரு குஞ்சாகப் பார்த்தார். பிறகு, "இத நான் எடுத்திருந்தா இவ்ளோ நல்லா வந்திருக்காது" என்றார். என் வாழ்க்கையில் அவர் என்னிடம் சொன்னதிலேயே பெரிய வார்த்தை அது. பெரிதாகப் போட்டு லேமினேஷன் செய்து ஸ்டூடியோக் கண்ணாடியில் மாட்டினார். பள்ளிக் கண்காட்சியில் முதல் பரிசு. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செக்ரட்டரி சார் ஒரு பிரதி கேட்டு வாங்கி, படிக்கட்டு வாசலில் மாட்டினார். அதுவரை அந்த மரத்தை ஏறிட்டும் பார்க்காதவர்கள், கார் மேல் எச்சம் விழுகிறது என்று புலம்பியவர்கள், எல்லோரும் கொக்கு பார்க்க மாடிக்கு வர ஆரம்பித்தார்கள். முதல் மாடி ஆன்ட்டி அந்தக் குஞ்சுகளைத் தன் ஃபோனில் முகப்புப் படமாக வைத்துக்கொண்டாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனாலும் அந்தப் படத்தைத் தாண்டும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டுதான் படியேறினேன்.

ஏனென்றால் படம் எடுத்த மறுநாளே வெயில் வந்துவிட்டது. அன்று காலை நான் மாடிக்குப் போனபோது, இலை போன இடத்தில் வெயில் நேராகக் கூட்டுக்குள் இறங்கியிருந்தது. தாய் இல்லை. குஞ்சுகள் கழுத்தைத் தொங்கப் போட்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அண்டங்காக்கை ஒன்று வந்தது. சுற்றித் தேடவில்லை. நான் வெட்டித் திறந்துவிட்ட அதே வழியாக, கதவைத் திறந்து உள்ளே போவது போலப் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கேமராவைத் தூக்கினேன். கை தானாக அழுத்தியது. ஏழு படங்கள். அதற்குப் பிறகுதான் கத்தினேன். அதற்குள் காக்கை ஒன்றைத் தூக்கிவிட்டது. இன்னொன்று கீழே தார்ப்பாயில் விழுந்தது. மூன்றாவது குஞ்சையும் சாயங்காலத்துக்குள் காணவில்லை. அந்த ஏழு படங்களையும் அழித்துவிட்டேன், ஆனால் அவை என் கண்ணை விட்டுப் போகவில்லை. மரத்தில் மற்ற கூடுகளில் இன்றைக்கும் குஞ்சுகள் இருக்கின்றன. இலை மறைத்த கூடுகள். உனக்கு நான் பெரிதாக என்ன புத்தி சொல்லிவிடப் போகிறேன்? உனக்கு இடைஞ்சலாக இருப்பது இன்னொரு உயிருக்குக் கூரையாக இருக்கலாம், தொடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில். அவ்வளவுதான். நான் நிற்கவில்லை.

நேற்று சாயங்காலம் கேட்டருகே ஒரே சத்தம். இத்தனை நாள் பக்கத்துக் கூடுகளைப் பார்த்து அதுதான் படத்தில் இருப்பது என்று நினைத்திருந்தவர்களில் யாரோ, என் கூடு காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டார்கள், வெட்டுத் தடத்தையும் பார்த்துவிட்டார்கள். மதிலோரம் கட்டியிருந்த மல்லிகாக்காவின் ஆடு காய்ந்த அரசங்கிளையை மென்றுகொண்டிருந்தது.

"சார், நான் கொக்கத் திட்டினேன், இல்லேங்கல" என்றாள் மல்லிகாக்கா. "திட்டினா கெள ஒடிஞ்சு விழுமா? அப்படி விழறதா இருந்தா மொதல்ல எங்க வீட்டுக்காரர் தலையிலதான் விழுந்திருக்கணும்."

ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். செக்ரட்டரி சார் சிரிக்கவில்லை. "வெட்டின கெள உன் ஆட்டு வாயில இருக்கு. இன்னும் என்ன சாட்சி வேணும்?"

"செவுத்துக்கு அந்தாண்ட கெடந்துச்சு, எடுத்துப் போட்டேன். அது ஒரு குத்தமா?"

"துணி எடுக்க நீதான மாடிக்குப் போற? துறட்டி அங்கதான இருக்கு?"

முதல் மாடி ஆன்ட்டி அழுதுவிட்டாள். "வாயத் தொறந்துக்கிட்டு இருந்துச்சுங்களே, அதுங்களப் போயி... உனக்கெல்லாம் புள்ளக்குட்டி இல்லயா?" அதைக் கேட்டதும்தான் மல்லிகாக்காவின் முகம் மாறியது. அதுவரை பதிலுக்குப் பதில் பேசிக்கொண்டிருந்தவள், ஆட்டை இழுத்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் போய்விட்டாள். சனிக்கிழமை காலை எட்டு மணிக்குள், அதாவது நாளைக் காலைக்குள், வண்டியை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வனத்துறைக்கு எழுதிக் கொடுப்போம் என்று முடிவாயிற்று. பதினான்கு வருஷமாக அவள் நிற்கிற இடம் அது. இந்தச் சாலையில் அவளுக்கு வேறு நிழல் கிடையாது. நான் படிக்கட்டில் நின்றிருந்தேன். என் தோளுக்குப் பக்கத்தில் அந்தப் படம். அதை நேசித்ததால்தான் அத்தனை பேருக்கும் அவ்வளவு கோபம்.

இன்றைக்குப் பள்ளியிலிருந்து வரும்போது அவள் கரிப்பெட்டியை மூட்டாமல் சும்மா உட்கார்ந்திருந்தாள். என்னைக் கூப்பிட்டாள். "பாப்பா, நீதான் தெனம் கேமராவத் தூக்கிட்டு மாடிக்குப் போற. யாரு வெட்டினான்னு பாத்தியா? பாத்திருந்தா ஒரே ஒரு வார்த்த சொல்லு சாமி. நீதான் சொன்னேன்னு யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

"பாக்கலக்கா" என்றேன்.

கிளையை வெட்டும்போது விளைவு எனக்குத் தெரியாது. காக்கை வந்தபோது கை முந்திக்கொண்டது. இந்த ஒரு சொல்லைத்தான் எல்லாம் தெரிந்து, அவள் கண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். அவள் உடனே நம்பிவிட்டாள். "சரி, நீ போ. மழ வர்ற மாதிரி இருக்கு, நனையாத" என்றாள்.

ராத்திரி சாப்பிடும்போது வீட்டிலும் அதே பேச்சு. "மல்லிகாவா இப்படிப் பண்ணியிருப்பா? வாய்தான் அவளுக்கு நீளம், மனசுல ஒண்ணும் இருக்காது" என்றாள் அம்மா. "பின்ன யாரு? கொக்கே கத்திரிக்கோல் எடுத்து வெட்டிக்கிச்சா?" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்து, "நீ நல்லவேளை, அதுக்கு முன்னாடியே எடுத்துட்டம்மாடி" என்றார். தோசையைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். தண்ணீர் குடித்துவிட்டு, படிக்க வேண்டும் என்று சொல்லி எழுந்து வந்தேன்.

எனக்குப் பயமாக இருக்கிறது. காட்டுப் பறவையின் கூட்டைக் கலைத்தால் என்ன தண்டனை என்று ஃபோனில் தேடினேன், சிறை என்ற சொல் வந்ததும் மூடிவிட்டேன். பரிசைத் திருப்பிக் கேட்பார்கள். பள்ளியில் எழுந்து நிற்க வைப்பார்கள். அதையெல்லாம்கூட நினைத்துப் பார்க்க முடிகிறது. ஸ்டூடியோக் கண்ணாடியில் மாட்டியிருக்கிற அந்தப் படத்தை அப்பா தன் கையால் கழற்றுவதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. நான் பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. மல்லிகாக்கா ஆட்டை அவிழ்த்துக்கொண்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். ஒரு மாதத்தில் எல்லோரும் மறந்துவிடுவார்கள். நானும் மறந்துவிடுவேன் என்பதுதான் எனக்கு இன்னும் பெரிய பயம். அப்புறம் உன்னிடம், நான் சின்ன வயதில் கொக்குகளை எவ்வளவு அன்பாகப் படம் எடுத்தேன் என்று கதை சொல்லிக்கொண்டிருப்பேன்.

மணி பதினொன்றே கால். வகுப்புப் பாடங்கள் குழுவில் வருவதால் ராத்திரியில் அம்மாவின் ஃபோன் என்னிடம்தான் இருக்கும். குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவும் அதில் இருக்கிறது. கேமராவிலிருந்து இரண்டு படங்களை ஏற்றிவிட்டேன். ஒன்று, இலை மூடிய கூடு, வெட்டுவதற்கு முந்தின நாள் எடுத்தது. இன்னொன்று, எல்லோருக்கும் தெரிந்த படம். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குழந்தைக்கும் புரியும். கீழே முதலில் நிறைய எழுதினேன், மூட்டம் மூன்று நாள்தான் என்று சொன்னார்கள், குஞ்சுகளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன் என்றெல்லாம். படித்துப் பார்த்தால் என் மேலேயே பரிதாபம் வந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டேன். நீயும் எப்போதாவது இப்படி எழுத நேர்ந்தால் காரணங்களைக் கடைசியில் வைத்துக்கொள். யாராவது கேட்டால் சொல்லலாம். நான் எழுதியது இவ்வளவுதான்: 'மூன்று கிளைகளையும் துறட்டியால் வெட்டியது நான். படத்துக்காக வெட்டினேன். மல்லிகாக்கா இல்லை. அவங்க வண்டியை எடுக்கச் சொல்லாதீங்க.' கீழே என் பெயர்.

பத்து நிமிடமாக விரல் அங்கேயே நிற்கிறது.

அனுப்பிவிட்டேன்.

ஒரு டிக். இரண்டு டிக். எழுத்து கோணலாகப் போகிறது, மன்னித்துக்கொள். நான்கு பேர் பார்த்துவிட்டார்கள். முதல் மாடி ஆன்ட்டி பார்த்துவிட்டாள். செக்ரட்டரி சார் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டுகிறது. நின்றுவிட்டது. மறுபடி எழுதுகிறார். அழித்துவிடலாமா என்று இப்போதும் தோன்றுகிறது. அழிக்கக் கூடாது என்று ஃபோனைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

கூடத்தில் அப்பாவின் ஃபோன் ஒலித்தது. இன்னொரு முறை. டிவி சத்தம் நின்றுவிட்டது. அம்மா ஏதோ கேட்கிறாள். நாற்காலி நகர்கிறது. நடந்து வருகிற சத்தம்.

கதவைத் தட்டுகிறார். "அம்மாடி." குரலில் கோபம் இருக்கிறதா, எனக்குத் தெரியவில்லை. மறுபடி தட்டுகிறார். திறக்கப் போகிறேன். ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன். என்றாவது நீ இப்படித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்து, வெளியே நான் நின்று தட்டினால், பயப்படாமல் திற, நான் உன்னிடம்